கம்பியில் வரும் நெட் ஏன் விட்டு விட்டு வருகிறது?

“நெட் வரவில்லை” என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. கேபிளுக்குள் ஒரு இழை விட்டுப்போயிருக்கலாம். கணினிக்கு முகவரி கிடைக்காமல் இருக்கலாம். வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்து, வெளியே இணைய நிறுவனத்தின் தடத்தில் பழுது இருக்கலாம். திரையில் மட்டும் எல்லாமே ஒரே மாதிரி தெரியும்: பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் கிடைக்கிற அறிவுரைகளும் ஆளுக்கொன்றாக இருக்கின்றன. ஒருவர் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார், இன்னொருவர் தளத்தின் பெயருக்கு எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றச் சொல்வார், மற்றொருவர் விலை கூடிய கேபிள் வாங்கச் சொல்வார். மூன்றும் ஏதோ ஒரு கோளாறுக்குச் சரியான தீர்வுதான். உங்களுடையது அந்தக் கோளாறா என்று பார்க்காமல் செய்யும்போதுதான் நேரமும் காசும் வீணாகின்றன.

முழுசாக நின்றுபோன இணைப்பைச் சரிசெய்வது எளிது. எதையாவது மாற்றினால் வருகிறதா, இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். வந்து வந்து போகிற இணைப்புதான் ஆளைப் படுத்துகிறது. நாம் எழுந்துபோய்ப் பார்ப்பதற்குள் தானாகச் சரியாகிவிடும், கடைசியாக எதைத் தொட்டோமோ அதுதான் காரணம் என்று நம்பிவிடுவோம். இதிலிருந்து தப்பிக்க, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கணினிப் படிப்பெல்லாம் வேண்டாம்.

கைமாறிப் போகும் செங்கல்

கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருப்பவர் கொடுக்கிறார், அடுத்தவர் வாங்கித் தனக்கு அடுத்தவரிடம் கொடுக்கிறார். இணையமும் இப்படித்தான் ஓடுகிறது. உங்கள் கணினி முதல் ஆள். அடுத்து ரூட்டர், அதாவது வீட்டுக்குள் இருக்கிற கருவிகளையெல்லாம் வெளி உலகத்தோடு சேர்க்கும் பெட்டி. அதற்கப்புறம் இணைய நிறுவனத்தின் கருவிகள் பல. கடைசியில் நீங்கள் திறக்க நினைத்த தளத்தின் கணினி.

இந்த வரிசையில் கைமாறுகிற செங்கலுக்கு பாக்கெட் என்று பெயர். நீங்கள் அனுப்பும் படமோ வீடியோவோ முழுதாகப் போவதில்லை. அதிகபட்சம் 1,500 பைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரிந்து போகிறது. 5 எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் என்றால் சுமார் 3,400 பாக்கெட்.

வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்த செங்கல் உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். உடைந்திருந்தால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறார். ‘உடைந்துவிட்டது, வேறு கொடு’ என்று தனக்கு முன்னால் நிற்பவரிடம் கேட்பதில்லை. ஈத்தர்நெட், அதாவது கேபிள் வழியாகக் கணினிகள் பேசிக்கொள்ளும் முறை, செய்வது இதையேதான். ஒவ்வொரு துண்டோடும் ஒரு சரிபார்ப்பு எண் கூடவே வரும். அந்த எண் பொருந்தவில்லை என்றால் துண்டு அங்கேயே கைவிடப்படும்.

அப்படியானால் படம் எப்படி முழுசாக வந்து சேருகிறது? இரண்டு முனையிலும் இருக்கும் மென்பொருள் எண்ணிப் பார்க்கிறது. குறைந்ததை மறுபடியும் அனுப்பச் செய்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டிசிபி என்று பெயர். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பாக்கெட் தொலைந்தால் டிசிபி பெரும்பாலும் ‘வழியில் நெரிசல்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். உடனே அனுப்பும் வேகத்தைக் குறைக்கும், அப்புறம் மெல்ல மெல்லத்தான் ஏற்றும். கேபிளில் பழுது இருந்தால் தொலைவது நிற்காது, வேகம் ஏறும்போதெல்லாம் மறுபடி இறங்கும். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ தொலைந்தால்கூட மொத்த இணைப்பும் தளர்ந்துபோவது இதனால்தான்.

யூடியூப் நன்றாக ஓடும்போது வீடியோ கால் மட்டும் திக்குவதற்கும் காரணம் இதுதான். யூடியூப் முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளும், தொலைந்ததைத் திரும்பக் கேட்க அதற்கு நேரம் உண்டு. நேரலையான பேச்சுக்கும் ஆன்லைன் விளையாட்டுக்கும் அந்த வசதி இல்லை. தாமதமாக வந்த குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே ‘வீடியோ ஓடுகிறதே, கேபிள் சரியாகத்தான் இருக்கிறது’ என்று முடிவுகட்ட முடியாது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. இணைப்பு என்பது பல கைமாற்றங்களின் வரிசை. அதில் எந்த இடத்தில் பாக்கெட் விழுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ‘நெட் மந்தம்’ என்ற ஒன்றுதான்.

விளக்கு எரிந்தால் கேபிள் நல்லது என்று அர்த்தமா?

கணினியில் கேபிள் செருகும் இடத்தில், அதாவது போர்ட்டில், குட்டி விளக்கு ஒன்று எரியும். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது, இரண்டும் பேச ஒப்புக்கொண்டுவிட்டன. பேசுவது உடையாமல் போய்ச் சேருகிறதா என்பதை அந்த விளக்கு சொல்லாது. கம்பி இணைப்பைப் பற்றி இருக்கும் தவறான எண்ணங்களில் மிகப் பெரியது இதுதான் என்பேன்.

கேபிளுக்குள் எட்டு இழைகள் இருக்கின்றன. இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகள். இந்த முறுக்கு அழகுக்காக இல்லை. ஒரே சமிக்ஞை ஒரு இழையில் நேராகவும் அதன் ஜோடி இழையில் தலைகீழாகவும் போகும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே படிக்கும். பக்கத்தில் ஓடும் மோட்டாரோ மின்கம்பியோ இரைச்சலைக் கிளப்பினால், முறுக்கி இருப்பதால் அது இரண்டு இழைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். வித்தியாசம் பார்க்கும்போது அந்த இரைச்சல் கழிந்துவிடும். தொலைபேசிக் கம்பிகளுக்காக 1881-லேயே அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைக்கும் உங்கள் மேசைக்குக் கீழே அதுதான் வேலை செய்கிறது.

இனி வேகம். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1,000 எம்பிபிஎஸ், அதாவது கிகாபிட் இணைப்புக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். கேபிளைச் செருகியதும் இரண்டு முனைகளும் தங்களுக்குள் பேசி, எந்த வேகத்தில் ஓடலாம் என்று முடிவு செய்கின்றன. மீதி இரண்டு ஜோடிகளில் ஒரு இழை விட்டுப்போயிருந்தால், பல கருவிகள் எந்த எச்சரிக்கையும் தராமல் 100-க்கு இறங்கிவிடும். சில கருவிகள் கிகாபிட்டில் பேச முயன்று, தோற்று, மறுபடி முயன்று, இணைப்பை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. நீங்கள் கட்டுவது 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு, ஆனால் வேகச் சோதனை எப்போது செய்தாலும் 94 பக்கத்திலேயே நிற்கிறது என்றால், இணைய நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில், பாக்கெட்டோடு சேர்ந்து செல்லும் முகவரி, சரிபார்ப்பு எண் போன்றவற்றைக் கழித்தால் கிட்டத்தட்ட 94 அல்லது 95 தான் மிஞ்சும். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈத்தர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். அங்கே 100 என்று இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியவை கேபிளும் இரண்டு பக்கத்துப் போர்ட்டுகளும். ஒன்று கவனியுங்கள்: சில ரூட்டர்களின் போர்ட்டே 100-க்கு மேல் போகாது. அப்படி இருந்தால் கேபிள்மேல் குற்றம் இல்லை.

கேபிள் எப்படிக் கெடுகிறது? பெரும்பாலும் முனைகளில்தான். கண்ணாடிபோல இருக்கும் பிளக்கில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் உண்டு, செருகும்போது டிக் என்று சத்தம் கேட்கும். அது உடைந்திருந்தால் பிளக் அரை மில்லிமீட்டர் பின்வாங்கினாலே தொடர்பு போய்விடும். நாற்காலி இடித்தால் நெட் போகிறது, கணினியைக் கொஞ்சம் நகர்த்தினால் வருகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். கதவிடுக்கில் நசுங்கியது, ஆணி அடிக்கும்போது அடிபட்டது, கூர்மையாக மடித்துச் சுவரோரம் திணித்தது எல்லாம் அடுத்து வரும்.

இன்னொரு கோளாறு ரொம்பவும் ஏமாற்றும். கேபிள் முனையில் பிளக்கை நாமே அழுத்திப் போடும்போது இழைகளை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது முக்கியம். முறைப்படி 1-2, 3-6, 4-5, 7-8 என்ற முள்கள்தான் ஜோடி. 3-க்கு ஜோடி 4 கிடையாது, 6. இது தெரியாதவர்கள் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கிவிடுவார்கள். இரண்டு பக்கமும் அதே வரிசை என்பதால் மின்சாரம் ஒழுங்காகப் பாயும், எட்டு விளக்குச் சோதனைக் கருவியில் எட்டும் வரிசையாக எரியும். ஆனால் 3-6 என்ற ஜோடிச் சமிக்ஞை இப்போது ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு இழைகளில் போகிறது. இரைச்சலைக் கழிக்கும் அந்த ஏற்பாடே இல்லாமல் போய்விடுகிறது. கேபிள் குட்டையாக இருந்தால் ஓடிவிடும், நீளமானால் பாக்கெட் விழத் தொடங்கும். எட்டும் எரிந்தது, ஆகவே கேபிள் நல்லது என்று சொல்வது அதனால்தான் போதாது.

வாங்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6 என்று போட்ட, முழுச் செம்பு இழை உள்ள கேபிள் வீட்டுக்குத் தாராளம். இரண்டுமே 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும்படி வகுக்கப்பட்டவை. அதற்கு மேலான எண்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தவிர்க்க வேண்டியது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய இழை. சிசிஏ என்று சொல்வார்கள். அதில் மின்தடை கூடுதல், மடிந்தால் சீக்கிரம் முறியும், கேட் தரத்துக்கும் அது உட்படாது.

சுருக்கமாகச் சொன்னால், விளக்கு எரிவது இணைப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம். இணைப்பின் தரத்துக்கு அடையாளம் லிங்க் ஸ்பீடும், அடுத்து பார்க்கப்போகும் பிங் சோதனையும்.

பாக்கெட் விழுவது எந்தக் கையில்?

பிங் என்பது ஒரு குட்டி நிரல். ஒரு முகவரிக்குச் சின்னதாக ஒரு பாக்கெட் அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லிநொடியில் வருகிறது என்று சொல்லும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் ஒரு நெட்வொர்க் கோளாறைத் தேடும்போது எழுதியது. இன்றுவரை அதைவிட எளிய கருவி வரவில்லை, எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் உங்கள் ரூட்டரின் முகவரி தெரிய வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் தட்டினால், டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருக்கும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. இப்போது இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரையும் மற்றொன்றில் கூகுளின் முகவரியான 8.8.8.8-ஐயும் பிங் செய்யுங்கள், அதாவது ping என்று தட்டி, இடம் விட்டு முகவரியைத் தட்டுங்கள். விண்டோஸில் கடைசியில் இடம் விட்டு ஹைபனும் ஆங்கிலச் சின்ன டி-யும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். கன்ட்ரோலும் சி-யும் அழுத்தினால் நின்று, எத்தனை போனது, எத்தனை தொலைந்தது என்று கணக்குக் காட்டும்.

இரண்டையும் ஓடவிட்டு வழக்கம்போல வேலை பாருங்கள். நெட் தடுமாறும் அந்த நேரத்தில் இரண்டு ஜன்னல்களையும் பாருங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்.

ரூட்டருக்கே பதில் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் கணினி, கேபிள், ரூட்டர் இந்த மூன்றுக்குள். இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, 8.8.8.8 மட்டும் விட்டுப்போகிறது என்றால் வீட்டு கேபிள் நல்லது. ரூட்டருக்கு அப்புறம் எங்கேயோ பழுது. இரண்டும் அசராமல் ஓடுகிறது, ஆனால் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பாதை திறந்தே இருக்கிறது, பெயரைக் கேட்கும் இடத்தில் சிக்கல். அதைக் கீழே சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. எதுவும் தொலைவதில்லை, ஆனால் யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது மட்டும் 8.8.8.8-இன் பதில் 10, 20 மில்லிநொடியிலிருந்து பல நூறுக்குத் தாவுகிறது. ரூட்டரோ மோடமோ அனுப்ப முடியாத பாக்கெட்டையெல்லாம் குவித்து வைத்துக்கொண்டு எல்லோரையும் காக்க வைக்கிறது என்று பொருள். இது பழுது கிடையாது. ரூட்டரில் பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கி, ஏற்றும் வேகத்தைத் திட்டத்தின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் என்ற நிரலைப் பயன்படுத்தி, நடுவில் ஒன்று பதில் தரவில்லை என்று பதறுகிறவர்கள் நிறைய. வழியில் இருக்கும் அந்தக் கருவிகளுக்கு முக்கிய வேலை பாக்கெட்டைக் கடத்துவது. தன்னிடம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடும், மறுத்தும் விடும். அதற்கு அடுத்தவையும் கடைசி முகவரியும் ஒழுங்காகப் பதில் தந்தால் நடுவில் பழுது இல்லை.

முகவரியும் பெயரும்

வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும், அதாவது பாக்கெட் வந்து சேர ஒரு எண். அதைக் கேட்டதும் கொடுக்கும் ஏற்பாடு டிஎச்சிபி, பொதுவாக ரூட்டருக்குள்ளேயே இருக்கும். ஐபிகான்ஃபிக் காட்டும் முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்டது, யாரும் பதில் தரவில்லை, தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த முகவரியோடு வெளியே போக முடியாது. கேபிளையும் ரூட்டரையும் பாருங்கள்.

டிஎச்சிபி கொடுக்கும் முகவரிக்குக் கெடு உண்டு. பாதிக் கெடு முடிந்ததுமே கணினி புதுப்பிக்கக் கேட்கும். மணி அடித்தாற்போல ஒரே இடைவெளியில் நெட் அறுந்தால் இங்கே சந்தேகப்படலாம். பழைய ரூட்டர் ஒன்றைக் கூடுதலாக மாட்டி, அதன் டிஎச்சிபியை அணைக்காமல் விட்ட வீடுகளில் இன்னொரு விசித்திரம் நடக்கும். முகவரி கொடுக்க இரண்டு பேர் போட்டி போடுவார்கள். யார் முந்துகிறாரோ அதைப் பொறுத்து நெட் வரும், வராது.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்ணைத் தரும் சேவை. எண்ணை பிங் செய்தால் பதில் வருகிறது, பெயரைப் போட்டால் வரவில்லை என்றால்தான் டிஎன்எஸ் குற்றவாளி. அப்போது டிஎன்எஸ் முகவரியைக் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். கேபிளில் விழும் பாக்கெட்டை டிஎன்எஸ் மாற்றம் தடுக்காது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ரூட்டர் வரையிலான பிங்கில் இழப்பு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி மாற்றிப் பார்ப்பதுதான் வழி. ஆனால் ஒரே நேரத்தில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றி, ரூட்டரையும் ரீஸ்டார்ட் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாமலேயே போய்விடும்.

முதலில், நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த இன்னொரு கேபிள். சுவருக்குள் ஓடும் நீளக் கேபிள் என்றால், கணினியை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குட்டைக் கேபிளில் செருகிப் பாருங்கள். அடுத்து, ரூட்டரில் வேறு போர்ட். இடி மின்னலுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால் போர்ட் பாதி அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதற்கப்புறம் அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். லேப்டாப்பில் நன்றாக ஓடினால் பார்வை உங்கள் கணினிக்குத் திரும்ப வேண்டும்.

கணினியில் அதிகம் தொந்தரவு கொடுப்பது மின்சேமிப்பு. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரை, அதாவது கணினியை நெட்டோடு சேர்க்கும் பகுதியை, திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட் என்று ஓர் அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள், சில அடாப்டர்களும் சில ரூட்டர்களும் அதில் ஒத்துப்போவதில்லை. பிறகு டிரைவர், அதாவது அடாப்டரை இயக்கும் மென்பொருள். மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் யுஎஸ்பி-ஈத்தர்நெட் அடாப்டர் ஒன்றை மாட்டுங்கள். அதில் இழப்பு நின்றால் கணினியின் போர்ட் போய்விட்டது என்று முடிவு செய்யலாம்.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. ‘வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிலையாக வை’ என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது. ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது. கணினியில் மட்டும் அப்படி வைத்தால், மறுமுனை பேசிப் பார்த்து, பதில் கிடைக்காமல், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறைக்கு இறங்கிவிடும். ஒருவர் பேசும்போது மற்றவரும் பேச, பாக்கெட் மோதிச் சிதறும். ஆட்டோ என்பதையே விட்டுவையுங்கள்.

மாற்றியபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை அறுந்த இணைப்பு ஒரு மணி நேரம் ஓடியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வழக்கமாக எத்தனை இடைவெளியில் அறுந்ததோ, அதைப்போல மூன்று நான்கு மடங்கு நேரம் பிங் இழப்பில்லாமல் ஓடட்டும்.

வீட்டுக்கு வெளியே என்றால்

ரூட்டர் வரை சுத்தம், அப்புறம் இழப்பு. இதைக் கண்ட பிறகு இணைய நிறுவனத்தை அழைப்பது வேறு மாதிரியான அழைப்பு. ஃபைபர் இணைப்பு என்றால் சுவரோரப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள், ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபைபரை மடிக்காதீர்கள், முனையைத் தொடாதீர்கள், வெளிச்சம் வருகிறதா என்று கண்ணால் உற்றுப் பார்க்கவே கூடாது.

அழைக்கும்போது ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லாமல், எந்தத் தேதி, எந்த நேரம், ரூட்டருக்கான பிங்கில் இழப்பு எவ்வளவு, 8.8.8.8-க்கு எவ்வளவு, சோதித்தது கம்பியிலா வைஃபையிலா என்று சொல்லுங்கள். இரண்டு ஜன்னல்களும் சேர்ந்து தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னால் போடுங்கள், ஆனால் இந்தக் கணக்கை எழுதி வைத்த பிறகு. ரீஸ்டார்ட் செய்தால் பல ரூட்டர்களில் உள்ளே பதிவாகியிருக்கும் லாக் அழிந்துவிடும், வந்து பார்க்கும் டெக்னீஷியனுக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது.